ஏழரை ஆண்டுகள்: ஒரு போர்க்கைதியின் மனைவி வீட்டை நடத்திய கதை

வியட்நாம் போரின்போது, 1965 செப்டம்பர் 9 அன்று வட வியட்நாம் வானில் ஒரு ஏ-4 ஸ்கைஹாக் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதை ஓட்டியவர் அமெரிக்கக் கடற்படை கமாண்டர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். ஓரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியவர், பாராசூட்டில் தரையிறங்கிப் பிடிபட்டு, அந்நாட்டின் தலைநகரான ஹனோயின் ஹோவா லோ சிறைக்குப் போய்ச் சேர்ந்தார். விடுதலையானது 1973 பிப்ரவரி 12 அன்றுதான். சிறைக்குள் அவர் பட்டதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். இந்த ஆய்வு அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் கொரனாடோவில் இருந்த வீட்டைப் பற்றியது. அந்த வீட்டில் இருந்தவர்கள் அவர் மனைவி சிபில் ஸ்டாக்டேலும் நான்கு மகன்களும். மூத்தவன் பதின்ம வயதில் இருந்தான். கடைசிப் பையன் இன்னும் பள்ளிக்கே போகவில்லை.

கிட்டத்தட்ட ஏழரை ஆண்டுகள். நம் ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னால் சனியின் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் சிபிலைப் பிடித்தது கிரகமல்ல. பாதியை எதிரி நாடு செய்தது, மீதியைச் சொந்த நாட்டின் அலுவலகங்கள் செய்தன. அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் மாதங்கள்

முதலில் வந்த செய்தி 'காணவில்லை' என்பதுதான். இறந்தார் என்றால் அழலாம், ஈமச்சடங்கு செய்யலாம். கைதானார் என்றால் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு பிடிமானமாவது கிடைக்கும். 'காணவில்லை' என்ற நிலையில் இரண்டுக்கும் வழியில்லை. கணவர் கையெழுத்தில் முதல் கடிதங்கள் வந்து சேர 1966 ஏப்ரல் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஏழு மாதங்களும் பையன்கள் பள்ளிக்குப் போனார்கள், வீட்டுச் செலவு ஓடியது, அப்பா எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

பணவிஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் தவறாகிவிடும். காணாமல் போனவருக்கும் கைதானவருக்கும் சம்பளம் தொடர்ந்து வர வேண்டும் என்று அமெரிக்காவில் 1942லேயே சட்டம் இருந்தது. பதவி உயர்வும் நிற்காது. ஸ்டாக்டேலுக்குச் சிறையில் இருக்கும்போதே கேப்டன் பதவி கிடைத்தது. ஆகவே சிபில் வீட்டில் அடுப்பு அணையவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கார், வீடு, வங்கி என்று எதைத் தொட்டாலும் கணவரின் கையெழுத்து வேண்டும். போருக்குப் போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் அதிகாரப் பத்திரத்துக்குப் பல நேரம் காலக்கெடு உண்டு. ஓராண்டில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துப் போட்ட பத்திரம் காலாவதியானால், புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஹனோய் சிறையில் இருக்கிறார். கணவர் கையெழுத்து இல்லாத மனைவிக்குக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டமே அந்த நாட்டில் 1974ல்தான் வந்தது. அதற்குள் விடுதலையான போர்க்கைதிகள் வீடு திரும்பிவிட்டார்கள்.

வாய் திறக்காதே

கைதிகளின் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த அறிவுரை சுருக்கமானது: வெளியே பேசாதீர்கள். யாராவது கேட்டால் கணவரின் பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி, இவ்வளவுதான் சொல்லலாம். இந்த நான்கும் எங்கிருந்து வந்தவை என்று யோசித்தால் உறைக்கும். எதிரியின் விசாரணையில் மாட்டிய சிப்பாய் சொல்லக் கடமைப்பட்ட விவரங்கள் அவை. கைதிக்கு வகுத்த விதியைத் தூக்கி அப்படியே மனைவியின் மேல் போட்டுவிட்டார்கள்.

காரணம் ஒன்றும் இல்லாமல் இல்லை. அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு பேச்சுவார்த்தைகளை ரகசியமாக நடத்த விரும்பியது. சத்தம் போட்டால் கைதிகள் இன்னும் கொடுமைக்கு ஆளாவார்கள் என்று வாதிட்டது. வெளியுறவுத் துறையில் இந்த விவகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் மூத்த ராஜதந்திரி அவரெல் ஹாரிமன். சிபில் அவரை நேரில் போய்ப் பார்த்தார். நம்புங்கள், பொறுங்கள் என்பதற்கு மேல் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

இந்த மௌனத்தின் விலையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். கொரனாடோ இருக்கும் சான் டியேகோ வட்டாரம் முழுக்கக் கடற்படைத் தளங்கள். அதே நிலையில் இருந்த மனைவிகள் சில தெருக்கள் தள்ளி வசித்தார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. பேசக்கூடாது என்ற உத்தரவு இருக்கும்வரை தெரியவும் வாய்ப்பில்லை. எனக்கு வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறது, உனக்கு எப்படி என்று கேட்க ஆளில்லை. அதிகாரி சொன்னது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தனியாக இருக்கும் ஒருத்திக்கு எதையும் சொல்லி அனுப்பிவிடலாம். பத்துப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒப்பிட்டால் அந்த வசதி போய்விடும். அரசு இதைத் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. விளைவு அப்படித்தான் இருந்தது.

இன்னொரு முரணும் இருந்தது. 1966 மே மாதம், சிறையில் எடுத்த ஒரு பேட்டியில் ஜெரமையா டென்டன் என்ற கைதி கண்களைச் சிமிட்டி மோர்ஸ் குறியீட்டில் 'சித்திரவதை' என்று சொன்னது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஜூலையில் கைதிகளை ஹனோய் வீதிகளில் ஊர்வலமாக நடத்தினார்கள், கூட்டம் அவர்களை அடித்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மனைவிகள் மட்டும் பேசக்கூடாது.

நனைக்க வேண்டிய படம்

1966 ஏப்ரலில் வந்த கடிதங்களை சிபில் ஒரு மனைவியாக மட்டும் படிக்கவில்லை. நண்பர்களைப் பற்றி விசாரிக்கும் வரிகள் வினோதமாக இருந்தன. இடம் பொருத்தமில்லாத பெயர்கள் வந்தன. உட்கார்ந்து யோசித்தபோது அவை சுட்டு வீழ்த்தப்பட்ட மற்ற விமானிகளைக் குறிப்பவை என்று புரிந்தது. நண்பகலிலும் குளிரும் இருட்டும் என்று ஒரு வரி. வானிலைச் செய்தி போலத்தான் இருக்கிறது, தணிக்கை அதிகாரி விட்டுவிட்டார். ஆனால் சிறை விசாரணையைப் பற்றிய ஒரு பிரபல நாவலின் தலைப்பை அது தொட்டுக்கொண்டு போகிறது என்பதை சிபில் பிடித்துவிட்டார். கொடுமை நடக்கிறது என்று கணவர் சொல்கிறார்.

கடற்படை உளவுப்பிரிவில் கமாண்டர் ராபர்ட் பரோஸ் என்பவர் இருந்தார். அரசுத் தரப்பில் சிபிலிடம் ஒளிவு மறைவின்றிப் பேசிய முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம். சிபிலின் கடிதங்கள் வழியாகவே ரகசியச் செய்தி அனுப்பலாமா என்று கேட்டார். கூடவே ஆபத்தையும் சொன்னார்: கண்டுபிடித்தால் ஜிம்மை (ஜேம்ஸை வீட்டில் அழைக்கும் பெயர்) உளவாளி என்று தண்டிக்கலாம், கொல்லவும் கொல்லலாம். முடிவை அவரிடமே விட்டார்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். போர்க்களத்தில் முடிவெடுக்கும் அதிகாரிக்குப் பயிற்சி உண்டு, மேலதிகாரி உண்டு. இங்கே நான்கு பிள்ளைகளின் தாய், கணவரைக் கேட்காமல், கணவரின் உயிரைப் பணயம் வைக்கும் முடிவை எடுக்க வேண்டும். யாரிடமும் ஆலோசனை கேட்கவும் முடியாது. யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு போலராய்ட் புகைப்படம் போனது. கடலில் குளிக்கும் ஒரு பெண். உங்கள் அம்மா என்று கடிதம் சொன்னது, ஆனால் அந்தப் பெண் அம்மா அல்ல. நன்றாக ஊற வேண்டும் என்பதற்கான குறிப்பும் கடிதத்தின் பேச்சுவாக்கில் இருந்தது. ஜிம் சிறையில் கைக்குக் கிடைத்த ஒரே திரவமான சிறுநீரில் படத்தை ஊறவைத்தார். உள்ளே ஒளிந்திருந்த செய்தி வெளிவந்தது. வந்த கடிதக் காகிதமே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பதிக்கும் கார்பன் தாள் என்று அது சொன்னது. அதை வைத்து அவர் எழுதிய பதிலில் சக கைதிகளின் பெயர்களும், சித்திரவதை பற்றிய தகவலும் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. கைதிகளின் முழுப் பட்டியலை வட வியட்நாம் கொடுக்காத காலம் அது. எத்தனை வீடுகளில் 'காணவில்லை' என்பது 'உயிரோடு இருக்கிறார்' என்று மாறியிருக்கும் என்று யோசித்தால் இந்த வேலையின் கனம் தெரியும்.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி ஒரு போர்க்கைதி மாதத்துக்குக் குறைந்தது 2 கடிதங்களும் 4 அஞ்சலட்டைகளும் அனுப்பலாம். முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் குடும்பத்துக்குத் தகவல் அட்டை எழுத அவரை அனுமதிக்க வேண்டும். வட வியட்நாம் அந்த ஒப்பந்தத்தில் 1957லேயே சேர்ந்த நாடுதான். ஆனால் பிடிபட்ட விமானிகள் போர்க்குற்றவாளிகள், போர்க்கைதிகள் அல்ல என்று வாதிட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தைச் சிறைகளுக்குள் விடவில்லை. ஆகவே கடிதம் என்பது உரிமையாக இல்லாமல் சலுகையாகிவிட்டது. சில வீடுகளுக்கு வந்தது, பல வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் எதுவுமே வரவில்லை.

மதிய உணவிலிருந்து வாஷிங்டன் வரை

1966 இலையுதிர் காலத்தில் சிபில் தன்னைப் போன்ற மனைவிகள் சிலரை வீட்டுக்கு மதிய உணவுக்குக் கூப்பிட்டார். தொடக்கம் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அது ஒரு அமைப்பாகியது. விர்ஜீனியா கடற்கரைப் பக்கம் கைதிகளின் மனைவிகளான ஜேன் டென்டனும் லூயிஸ் மல்லிகனும் இதே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 1968 அக்டோபரில் சான் டியேகோ நாளிதழ் ஒன்றில் சிபில் தன் கதையைப் பெயரோடு சொன்னார். மௌனம் உடைந்தது. 1969ல் நிக்சன் அதிபராகப் பதவியேற்றதும் மனைவிகள் தந்திகளை அனுப்பிக் குவித்தார்கள். மே 19 அன்று பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லேர்ட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கைதிகள் நடத்தப்படும் விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். நான்காண்டுக் கொள்கை ஒரே நாளில் தலைகீழானது. இதற்கு நிக்சனின் அரசியல் கணக்கும் காரணம்தான், மனைவிகள் மட்டும் சாதித்தார்கள் என்று எழுதினால் அது மிகை.

1969 அக்டோபர் 4 அன்று சிபிலும் இன்னும் சிலரும் பாரிசில் வட வியட்நாம் தூதுக்குழுவைச் சந்தித்தார்கள். எதிரில் உட்கார்ந்தவர்கள் சிபில் யார், என்ன செய்கிறார் என்பதை ஏற்கனவே தெரிந்து வைத்திருந்தார்கள். கணவர் அவர்கள் கையில் இருக்கும்போது அவர்கள் வாயிலிருந்தே இதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும்! டிசம்பரில் நிக்சன் சில மனைவிகளை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். பத்திரிகையாளர் முன் அவரோடு நின்றவர்களில் ஆண்ட்ரியா ராண்டரும் ஒருவர். அவர் கணவர் தரைப்படை சார்ஜென்ட், ஹியூ நகரில் 1968ல் பிடிபட்டவர். அதிகாரிகளின் மனைவிகளே நிறைந்த கூட்டத்தில் கீழ்ப்பதவிக்காரர் ஒருவரின் மனைவி, அதுவும் கறுப்பினப் பெண், நின்றது சின்ன விஷயமில்லை.

1970 மே 28 அன்று, கைதிகள், காணாமல் போனவர்கள் ஆகியோரின் குடும்பங்களுக்கான அமைப்பான தேசியக் குடும்ப லீக் வாஷிங்டனில் முறையாகப் பதிவானது. சிபில் அதன் முதல் தேசிய ஒருங்கிணைப்பாளர்.

அதே காலத்தில் இன்னொரு தர்மசங்கடம் வந்தது. கடிதங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பைப் போர் எதிர்ப்பாளர்கள் தொடங்கிய ஒரு குழு ஏற்றுக்கொண்டது. கோரா வைஸ், டேவிட் டெலிஞ்சர் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். அவர்கள் மூலம் வந்தால் கடிதம் சீக்கிரம் வரும். ஆனால் அப்படி வாங்கினால் எதிரியின் பிரசாரத்துக்குத் துணைபோகிறோமா? மேடையில் கொள்கை பேசுவது சுலபம். கதவைத் தட்டி ஒருவர் கடிதத்தை நீட்டும்போது எந்த மனைவி வேண்டாம் என்பாள்?

பலன் கிடைத்ததா

1969 இறுதியிலிருந்து சிறைகளில் சித்திரவதை பெருமளவு குறைந்தது. இதைக் கைதிகள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எது என்பதில்தான் சச்சரவு. மனைவிகளின் பிரசாரம் ஒன்று. 1969 செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் இறந்ததும் தலைமை மாறியது இரண்டு. அதே செப்டம்பரில், தகவல் தருவதைவிடச் சாவதே மேல் என்று காட்ட ஜிம் சிறையில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது சிறை அதிகாரிகளைக் கலங்கடித்தது மூன்று. மூன்றும் சில மாதங்களுக்குள் நடந்தவை, பிரித்து எடைபோட யாராலும் முடியாது. என் கணிப்பில் பிரசாரத்துக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். கைதிகளின் நலன் ஒரு பேரப்பொருளாக மாறியதும் அவர்களை உயிரோடும் முகத்தில் காயமில்லாமலும் வைத்திருப்பது ஹனோய்க்கும் லாபம். அரசு சொன்ன பயம், அதாவது சத்தம் போட்டால் கொடுமை கூடும் என்பது, குறைந்தபட்சம் நடக்கவில்லை.

வீட்டுக்குள் என்ன பலன் என்பது வேறு கேள்வி. நம் முல்லைத் திணைத் தலைவிக்கு ஒரு கெடு உண்டு. கார்காலம் தொடங்கினால் தலைவன் வந்துவிடுவான், அதுவரை ஆற்றியிருக்கலாம். வராவிட்டால் மேகத்தைக் கோபித்துக்கொள்ளலாம், தோழி ஒருத்தி ஆறுதல் சொல்ல இருப்பாள். சிபிலுக்கு எந்தப் பருவமும் சொல்லப்படவில்லை, தோழியரையும் அவரே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த மாதிரியான முடிவு தெரியாத இழப்பைத் தனியாக ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர். சான் டியேகோவில் அமெரிக்கக் கடற்படை நடத்திய போர்க்கைதி ஆய்வு மையத்தோடு சேர்ந்து, 1970களில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். உடலால் இல்லாத தந்தைக்கு வீட்டில் ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்து, அவர் செய்யும் வேலைகளை யாரும் எடுத்துக்கொள்ளாமல் காத்திருந்த குடும்பங்கள் அதிகம் தடுமாறின என்பது அவர் கவனித்தவற்றில் ஒன்று.

சிபில் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளின் படிப்பு, செலவு, வீடு பற்றிய முடிவுகள் எல்லாம் அவருடையவை. அரசோடு மல்லுக்கட்டியதும் அவரே. நாட்குறிப்பு வைத்திருந்தார், பிற்பாடு ஜிம்மும் அவரும் சேர்ந்து எழுதிய நினைவுநூலுக்கு அது அடிப்படையானது. இதையெல்லாம் மனவலிமை என்ற ஒற்றை வார்த்தையில் அடைக்க எனக்குச் சம்மதமில்லை. அவர் கல்லூரிப் படிப்பும் முதுகலைப் பட்டமும் பெற்றவர். கணவர் உயர் அதிகாரி, சம்பளம் நிற்காமல் வந்தது, வாஷிங்டனில் கதவைத் திறக்க ஆளிருந்தார்கள். அவரைவிடத் துணிச்சலான ஒரு சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு இதில் பாதிகூட வாய்த்திருக்காது.

திரும்பி வந்த பிறகு

1973ல் 591 பேர் விடுதலையாகித் திரும்பினார்கள். விமானநிலையத்தில் கட்டிப்பிடித்த படங்கள்தான் எல்லார் நினைவிலும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பிரபலமான, புலிட்சர் பரிசு பெற்ற படத்தில் குடும்பமே ஓடிவருகிறது. பிரிய விரும்புவதாக மனைவி எழுதிய கடிதம் அந்தக் கணவருக்குச் சில நாள் முன்பே கிடைத்திருந்தது. ஜிம் விறைத்த காலோடு வந்தார், சிறையில் நான்காண்டுக்கும் மேல் தனிமைக் கொட்டடியில் இருந்தவர். அவர் விட்டுப்போன மூத்த மகன் இப்போது முழு ஆள். மனைவி ஒரு தேசிய அமைப்பை நடத்தியவர். 1976ல் ஜிம்முக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கிடைத்தது. சிபிலுக்கும் கடற்படைத் துறை குடிமக்களுக்கான உயர் விருதைக் கொடுத்தது. 2005ல் ஜிம் இறக்கும்வரை அவர்கள் சேர்ந்தே வாழ்ந்தார்கள். சிபில் 2015ல் தன் 90ஆம் வயதில் காலமானார்.

இதோடு நிறுத்தினால் வெற்றிக்கதை. ஆனால் போர் முடிந்தபோது 2,500க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு தீரவில்லை. அந்த வீடுகளில் நடந்தது வேறு. காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று அரசு அறிவித்தால் சம்பளம் நின்று, பிழைத்திருப்போருக்கான உதவித்தொகையாக மாறும். குடும்பத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து, விசாரணைக்கு வாய்ப்புத் தராமல் அப்படி அறிவிக்கக் கூடாது என்று 1974ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மறுமணம் செய்து புது வாழ்வு தொடங்க நினைத்த மனைவிக்கும், மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிய மாமியாருக்கும் நடுவே இந்தக் கோப்புகள் கிடந்தன.

சிபிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் மரியன் ஷெல்டன். அவரும் சான் டியேகோவில் வாழ்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். விமானப்படை விமானியான சார்ல்ஸ் ஷெல்டன் 1965 ஏப்ரல் 29 அன்று லாவோஸில் சுட்டு வீழ்த்தப்பட்டார், அது அவர் பிறந்தநாள். உயிரோடு பிடிபட்டார் என்று தகவல் இருந்தது, திரும்பி வரவில்லை. மரியனும் சும்மா இருக்கவில்லை. பேசினார், அலைந்தார், அதிகாரிகளை விடாமல் துரத்தினார். மற்ற எல்லாக் கோப்புகளும் 'இறந்தார்' என்று மாறிய பின்னும் ஷெல்டனை மட்டும் ஓர் அடையாளமாகப் போர்க்கைதி என்றே அரசு வைத்திருந்தது. மரியன் 1990ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் கேட்டுக்கொண்டதன் பேரில், அவர்களின் தந்தை போரில் இறந்தவர் என்று அரசு பதிவை மாற்றியது.